ஊரார் பிள்ளைகள்

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் வீடுகளில் பிள்ளைக்கு எட்டு வயது நெருங்கினாலே பெரியவர்களுக்குள் ஒரு பேச்சு தொடங்கிவிடும். எந்தக் கப்பலில் அனுப்புவது, யார் துணையில் அனுப்புவது, அங்கே எந்த மாமன் வீட்டில், எந்தச் சித்தி வீட்டில் விடுவது? கொழும்புக்கோ சென்னைக்கோ அனுப்புகிற கதை இல்லை இது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு, ஐந்து மாதம் கடலில் கிடந்து போய்ச் சேரவேண்டிய அமெரிக்காவுக்கு. பிள்ளை நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது என்று கடிதம் வருவதற்குள் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிவிடும். துறைமுகத்தில் கையசைத்ததே கடைசிப் பார்வையாகிப்போன பெற்றோரும் உண்டு.

அதே வீடுகளில் அதே நாட்களில் இன்னொரு பேச்சும் நடந்தது. சுற்றுவட்டாரத் தமிழ்ப் பெற்றோரிடம் போய், உங்கள் பிள்ளையை எங்கள் விடுதியில் விடுங்கள், சோறும் துணியும் கொடுத்துப் படிக்கவைக்கிறோம் என்று கேட்கிற பேச்சு. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்லிவைத்தவர்கள், இப்படியும் ஒரு கூட்டம் அதைச் சோதித்துப் பார்க்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

1815 அக்டோபர் 23 அன்று மாசசூசெட்ஸின் நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து டிரையாட் என்ற கப்பல் புறப்பட்டது. அதில் டேனியல் பூர், பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் ஆகியோரும் அவர்களுடைய இளம் மனைவியரும் இருந்தார்கள். 1816 மார்ச் 22இல் கொழும்பு. ஆளுநர் பிரௌன்ரிக் யாழ்ப்பாணத்துக்குப் போக அனுமதி கொடுத்தார். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறினார்கள். 1819இல் பாஸ்டனிலிருந்து இன்டஸ் கப்பலில் இரண்டாவது குழு கிளம்பியது. மைரன் வின்சுலோ, லீவை ஸ்போல்டிங், ஹென்றி வுட்வர்ட், மருத்துவர் ஜான் ஸ்கடர், நால்வரும் குடும்பத்தோடு. அடுத்த ஆண்டே கதவு சாத்தப்பட்டது. துணைநிலை ஆளுநராக வந்த எட்வர்ட் பார்ன்ஸ், இனி அமெரிக்கர் யாரும் வேண்டாம் என்றுவிட்டார். அச்சு வேலைக்கென்று வந்திறங்கிய ஜேம்ஸ் காரெட் என்பவர் பம்பாய்க்குப் போக வேண்டியதாயிற்று. 1833 வரை இந்தத் தடை நீங்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் அதே சில குடும்பங்கள் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று ஐந்து ஊர்களை மாற்றாள் இல்லாமல் பார்த்துக்கொண்டன. ஒருவர் செத்தால் அந்த இடத்தையும் இருப்பவரே சுமக்க வேண்டும். செத்தார்கள், முதல் குழுவிலேயே இருவர் காசநோயில் போனார்கள்.

போர்த்துக்கீசர் கட்டி டச்சுக்காரர் திருத்தி, பிறகு கவனிப்பாரற்றுக் கிடந்த தேவாலயங்களும் அவற்றை ஒட்டிய குருமனைகளும்தான் இவர்களுக்குக் கிடைத்தன. பல இடங்களில் சுவர்தான் மிச்சம். பனையோலையும் கிடுகும் போட்டு மேய்ந்து குடிபுகுந்தார்கள். நியூ இங்கிலாந்தில் பனிக்காலத்துக்கு விறகு அடுக்கிப் பழகியவர்கள், இங்கே மாரி தொடங்குமுன் கூரை வேய ஆள் தேடக் கற்றுக்கொண்டார்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் வாசலைத் திறந்தால் வீடு முழுக்கப் புழுதி. வளவைச் சுற்றி வேலி, உள்ளே கிணறு, பக்கத்தில் பள்ளிக் கொட்டகை, பின்னால் சமையற்கட்டு. யாழ்ப்பாணத்து வளவு ஒன்றுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் இருந்தன, நடுவில் ஒரு மேசையும் கரண்டிகளும் மட்டும் கூடுதல்.

அவர்களுடைய நாள் இருட்டோடு தொடங்கியது. குடும்ப ஜெபம் ஆங்கிலத்தில். அது முடிந்ததும் வேலையாட்களும் விடுதிப் பிள்ளைகளும் கூட, மறுபடி ஒரு ஜெபம் தமிழில். வந்த புதிதில் இந்த இரண்டாவது ஜெபம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். ழகரமும் றகரமும் அமெரிக்க நாக்கில் படும்பாட்டைச் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் பொறுமையும் இந்தச் சரித்திரத்தில் சேர வேண்டியதுதான். பிறகு தமிழ் சொல்லிக்கொடுக்க முன்ஷி வருவார். ஏட்டில் எழுத்தாணி ஓடுகிற வேகத்துக்குக் கண் பழக வேண்டும். பேச்சுத் தமிழ் ஒரு பக்கம், நிகண்டும் நன்னூலும் மறுபக்கம். வெயில் ஏறுவதற்குள் விடுதிப் பாடம். மாலையில் குதிரையிலோ மாட்டு வண்டியிலோ கிராமப் பள்ளிகளைப் பார்வையிடப் போவார்கள். அந்தப் பள்ளிகளில் திண்ணையில் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சைவ வாத்தியார்களையே மிஷன் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தது. நெற்றி நிறைய நீறு பூசிய வாத்தியார், மணலில் விரல் பிடித்து அரிச்சுவடி எழுதவைத்துவிட்டு, கையோடு கிறிஸ்தவ வினாவிடையையும் மனப்பாடம் செய்யவைப்பார். இரண்டு தரப்புக்கும் இதில் உள்ளூரச் சங்கடம். ஆனாலும் பள்ளி நடந்தது.

இரவில் விளக்கடியில் எழுத்து வேலை. பாஸ்டனில் இருந்த தலைமைச் சங்கம் தன் ஆட்களிடமிருந்து நாட்குறிப்புகளை எதிர்பார்த்தது. அவற்றில் தேர்ந்தெடுத்தவை மிஷனரி ஹெரால்ட் என்ற மாதப் பத்திரிகையில் அச்சாகி, அமெரிக்கச் சிற்றூர்களில் வாசிக்கப்பட்டன. வாசித்தவர்கள் காசு அனுப்பினார்கள், துணி அனுப்பினார்கள். ஆகவே அந்த நாட்குறிப்புகளை இன்று படிக்கிறவர் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எழுதுகிற கைக்குத் தெரியும், இது நன்கொடையாளர் கண்ணில் படும் என்று. ஊர்க்காரர்களின் இருட்டு கொஞ்சம் கூடுதலாகவே கறுப்பாகத் தெரியும்.

இந்த அன்றாடத்தில் பாதிக்கு மேல் மனைவியர் தலையில்தான் விழுந்தது. மிஷன் பதிவேட்டில் அவர்கள் பெயர் கணவர் பெயருக்குப் பின்னால் ஒரு திருமதி, அவ்வளவுதான். விடுதிக்கு அரிசி அளந்து போடுவது, நோய்க்கு மருந்து கொடுப்பது, பெண்பிள்ளைகளுக்குத் தையலும் வாசிப்பும் சொல்லிக்கொடுப்பது, ஆயா, சமையற்காரர், குதிரைக்காரர் என்று ஒரு சிறு பட்டாளத்தைக் கட்டி மேய்ப்பது, ஆண்டுக்கொன்றோ இரண்டாண்டுக்கொன்றோ பிள்ளை பெறுவது. பெற்றதில் சிலதைப் புதைப்பது. ஸ்கடர் தம்பதியின் முதல் பெண்குழந்தை யாழ்ப்பாணம் வந்துசேரும் முன்பே, வழியில் கல்கத்தாவில் இறந்துவிட்டது. டேனியல் பூரின் மனைவி சூசன் தெல்லிப்பழையில் ஐந்தாண்டு பாடுபட்டு 1821இல் இறந்தார்.

சோறு ஒரு பெரிய பிரச்சினையாக இருந்தது, படிப்பைவிட. மிஷன் வளவுக்குள் சமைத்ததை வேளாளர் வீட்டுப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். பாடம் கேட்பார்கள், பாட்டுப் பாடுவார்கள், இரவு விடுதியில் படுத்தும் கொள்வார்கள். பந்தி மட்டும் முடியாது. கடைசியில் வளவுக்கு வெளியே, சைவர் ஒருவரின் காணியில் அடுப்பு மூட்டி, சைவச் சமையற்காரரை வைத்துப் பொங்கிப்போட வேண்டியதாயிற்று. மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாக வேலியைத் தாண்டிப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து யூக்ளிட் படித்தார்கள். சாதியை ஒழிக்க வந்தோம் என்றவர்கள், பள்ளியை நடத்துவதற்காகச் சாதிக்கு ஓர் அடுப்பு கட்டிக்கொடுத்தார்கள். உள்ளூர்க்காரர் பிடிவாதம் என்று இதை எழுதுகிறவர்கள் உண்டு. ஒரு பெற்றோரின் பக்கத்திலிருந்து பார்த்தால் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. பிள்ளையை அந்நியர் கையில் கொடுத்தாயிற்று. அவன் தங்களுடையவன் என்பதற்கு அவர்களிடம் மிச்சம் இருந்த ஒரே பிடிமானம் அவன் எந்த அடுப்புச் சோறு சாப்பிடுகிறான் என்பதுதான்.

ஏனென்றால் பெயரும் போய்விட்டிருந்தது. ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொள்ளும் அமெரிக்க நன்கொடையாளர், அந்தப் பிள்ளைக்குத் தமக்குப் பிடித்த பெயரை வைக்கலாம் என்பது ஏற்பாடு. செத்துப்போன தம் பாதிரியார் பெயரையோ, ஊர்ப் பெரியவர் பெயரையோ, தம் பெயரையோ எழுதி அனுப்புவார்கள். தமிழிலக்கிய வரலாற்றில் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்று ஒட்டுப்போட்ட பெயர்களைப் பார்த்துக் குழம்பியவர்களுக்குப் பதில் இதுதான். படிப்பு முடியும்வரை பிள்ளையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகமாட்டோம் என்று பெற்றோரிடம் உடன்பாடும் வாங்கிக்கொண்டார்கள். திருவிழாவுக்கும் அறுவடைக்கும் பாதியில் பிள்ளையைக் கூட்டிப்போனால் படிப்பு நிலைக்காது என்பது மிஷன் சொன்ன நியாயம். நியாயம்தான். பெற்றவளிடமிருந்து பிள்ளையைத் தள்ளி வைத்தால்தான் படிப்பு ஏறும் என்ற நம்பிக்கையும் அதற்குள் இருந்தது. அந்த நம்பிக்கை பிற்பாடு அவர்கள் வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்தது.

வட்டுக்கோட்டை செமினரி 1823இல் தொடங்கியது. பூர் அதன் முதல்வர். தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம், வானியல், தத்துவம். அன்றைய அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் பாடத்திட்டத்தைப் பனங்கூடலுக்கு நடுவே நட்டுவைத்தார்கள். 1829இல் ஒரு சந்திர கிரகணத்தின் நேரத்தைச் செமினரி கணக்கிட்டுச் சொன்னது. உள்ளூர்ப் பஞ்சாங்கம் வேறு நேரம் சொன்னது. அன்றிரவு ஊர்ப் பெரியவர்களும் மாணவர்களுமாக, கடிகாரத்தை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். செமினரிக் கணக்கு சரியாக வந்தது. வந்திருந்தவர்கள் கிரகணக் கணக்கை ஏற்றுக்கொண்டார்கள், மதத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. செமினரியின் முப்பதாண்டுக் கதையும் ஏறக்குறைய இதுவேதான். 1855இல், இங்கே படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும்தான் போகிறார்கள், ஊழியத்துக்கு வருவதில்லை என்று பாஸ்டன் தலைமை அதை மூடிவிட்டது. இரண்டாண்டு கழித்துச் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, அதன் முதல் பட்டதாரிகளாகத் தேறியவர்கள் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டை மாணவர்கள். தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் தாமோதரம்பிள்ளை. மூடியவர்கள் எதைத் தோல்வி என்று எண்ணினார்களோ, தமிழுக்கு அது பெரிய வரவாக இருந்தது.

நம்மில் பலருக்கு வின்சுலோ என்றால் 1862இல் வந்த அந்தத் தடித்த தமிழ் ஆங்கில அகராதி. உடுவிலில் வின்சுலோ என்றால் மைரனின் மனைவி ஹாரியட். கனெடிகட்டின் நார்விச் ஊர்ப் பெண். கல்யாணமான கையோடு கப்பலேறியவர். திண்ணையை எட்டிப்பார்க்க வந்த சிறுமிகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஒருநாள் அடைமழையில் இரண்டு சிறுமிகள் வீடு திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார்கள், ராத்திரி பசி பொறுக்காமல் அங்கேயே சாப்பிட்டுவிட்டார்கள், அதன் பிறகு அங்கேயே தங்கிப் படித்தார்கள் என்று உடுவிலில் ஒரு கதை சொல்வார்கள். 1824இல் அது முறையான விடுதிப் பள்ளியானது. ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பள்ளிகளில் ஒன்று, இன்றும் நடக்கிறது. பெண் படித்தால் யார் கட்டுவார்கள் என்று ஊர் கேட்டது. கிறிஸ்தவப் பையனைக் கட்டுகிற பெண்ணுக்குச் சீதனம் நாங்கள் தருகிறோம் என்று மிஷன் பதில் சொன்னது. யாழ்ப்பாணத்தை அவர்கள் எவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இனி, சொந்தப் பிள்ளைகளுக்கு வருவோம். ஆயா கையில் வளர்ந்த பிள்ளைக்கு முதலில் தமிழ்தான் வரும். நமக்கு இது கேட்க இனிமையாக இருக்கலாம். அந்தப் பெற்றோருக்கு அதுதான் பயம். வேலைக்காரர் பேச்சும் கோயில் மேளமும் தேர்த் திருவிழாவும் பிள்ளை மனத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சினார்கள். அதற்கு மேல் காய்ச்சல் பயம், கொள்ளைநோய்ப் பயம். எல்லாவற்றையும்விட, வளர்ந்தபின் இவன் இங்கே என்ன வேலை பார்ப்பான், இவளை யார் கட்டுவார்கள் என்ற சாதாரணக் கவலை. ஐம்பது தமிழ்ப் பிள்ளைகளுக்கு வடிவகணிதம் நடத்துகிற அப்பாவுக்குத் தன் மகனை அதே வகுப்பில் உட்காரவைக்க மனம் வரவில்லை.

ஹாரியட்டின் மூத்த மகன் சார்லஸ் உடுவில் பிள்ளை. அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தான், பதினொரு வயது. 1833 ஜனவரியில் ஹாரியட்டும் போய்விட்டார், முப்பத்தாறு வயதில். தாயில்லாப் பெண்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மைரன் வின்சுலோ அமெரிக்கா போனார். அவர்களை அங்கே விட்டுவிட்டுத் திரும்பினார். அந்தப் பெண்களில் ஒருத்தி, அம்மாவின் பெயரையே கொண்டவள், பிற்பாடு ஜான் வெல்ஷ் டல்லஸ் என்ற மிஷனரியைக் கட்டிக்கொண்டு சென்னைக்கு வந்து சில ஆண்டுகள் இருந்தாள். அவர்களுடைய பேரர்கள்தான் ஐசனோவர் காலத்து அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜான் பாஸ்டர் டல்லஸும், சி.ஐ.ஏ. தலைவர் ஆலன் டல்லஸும். ஆசியாவைத் திருத்தியே தீருவது என்ற பிடிவாதம் குடும்பச் சொத்தாக இறங்கியதோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஸ்கடர் குடும்பத்தில் கதை இன்னும் நீளம். பண்டத்தரிப்பில் 1822இல் பிறந்த ஹென்றி மார்ட்டின் ஸ்கடரைப் பத்து வயதளவில் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1844இல் அவர் தாமே மிஷனரியாகச் சென்னைக்குத் திரும்பினார். அவருடைய தம்பிமாரும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஏழு மகன்கள் இந்தியாவில் ஊழியம் செய்தார்கள். அவர்களில் ஒருவரின் மகள் இடா, 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், பிற்பாடு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவியவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததும் இடா மருத்துவம் படிக்க முடிவெடுத்ததும் நம் பாடப்புத்தகம் வரை வந்த கதை. அதற்கு முந்தைய கதையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 1880களின் தொடக்கத்தில் அப்பா முதலில் இந்தியா திரும்பினார், அடுத்து அம்மாவும். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இடாவைச் சிகாகோவில் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அம்மா போன இரவு, அம்மாவின் தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இந்தியாவின் பக்கமே போகக்கூடாது என்று அந்தப் பெண் உறுதி எடுத்ததில் ஆச்சரியம் என்ன? அவரை வைத்து வளர்த்த பெரியப்பா யார் என்றால், பண்டத்தரிப்பிலிருந்து கப்பலேற்றப்பட்ட அதே ஹென்றி மார்ட்டின். கொஞ்ச நாளில் அவரும் ஜப்பானுக்கு மிஷன் வேலையாகப் போய்விட்டார்.

குடும்பம் இல்லாதவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எலைசா அக்னியூ 1840இல் உடுவிலுக்கு வந்தார், 1879 வரை பள்ளியை நடத்தினார், ஒருமுறைகூட ஊர் போகவில்லை, 1883இல் மானிப்பாயில் கண்ணை மூடினார். தன்னிடம் படித்தவளின் மகளையும் அவளுடைய மகளையும் பாடம் சொல்லி வளர்த்தவர். ஆயிரம் பெண்களின் தாய் என்றார்கள்.

மானிப்பாய் மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீனையும் இங்கே சொல்லாமல் போகக்கூடாது. 1847இல் பிரம்மச்சாரியாக வந்தார். இடையில் ஊர் போய், 1862இல் மனைவி மார்கரெட்டோடு திரும்பினார். நியூயார்க் மாநகரை இன்றைய வடிவில் ஒன்றிணைத்ததற்காகப் போற்றப்படுகிற ஆண்ட்ரூ கிறீன் இவருடைய அண்ணன். தம்பியோ மானிப்பாயில் உட்கார்ந்து மனுஷ அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் என்று மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் படித்த வைத்தியன் அரசாங்கச் சம்பளத்தைத் தேடிப் போய்விடுகிறான், தமிழில் படித்தவன் ஊரில் இருப்பான் என்பது அவர் கணக்கு. 1864 முதல் மருத்துவ வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். கிறிஸ்தவனானால் வேட்டியை விட்டுக் காற்சட்டைக்கு மாற வேண்டியதில்லை, தமிழ்ப் பெயரும் இருக்கட்டும் என்றவர். என் கணக்கில் அந்த மிஷனில் வந்தவர்களிலேயே யாழ்ப்பாணத்தைத் திருத்த வேண்டிய பொருளாகப் பார்த்தது மிகக் குறைவாக இவர்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்த தம் பிள்ளைகளை அவர் கப்பலில் தனியே அனுப்பவில்லை. 1873இல் உடல்நலம் கெட்டு, குடும்பமாகவே ஊர் திரும்பினார். அங்கிருந்தபடியும் தமிழ் மருத்துவ நூல்களை முடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்கச் சொன்னார். அந்தக் கல் மாசசூசெட்ஸின் வூஸ்டரில் இருக்கிறது.

பிள்ளைகளை அனுப்பும் வேதனைக்கு முதலில் வழி கண்டது இதே பாஸ்டன் சங்கத்தின் ஹவாய்க் கிளை. அங்கிருந்தும் பிள்ளைகள் கேப் ஹார்னைச் சுற்றிக்கொண்டு கப்பலில் போய்க்கொண்டிருந்தார்கள். பொறுக்க முடியாமல் 1841இல் ஹொனலுலுவிலேயே மிஷனரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி கட்டினார்கள். அந்தப் புனஹோ பள்ளியில்தான் பிற்காலத்தில் பராக் ஒபாமா படித்தார். யாழ்ப்பாணத்து மிஷனுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. ஆனால் 1834இல் அங்கிருந்து பிரிந்து மதுரைக்கு வந்த கிளை, காய்ச்சலுக்குத் தப்பிப் பழனிமலைமேல் ஏறி, 1845இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியது. 1901இல் அங்கே ஹைகிளார்க் என்ற வீட்டில் பள்ளி தொடங்கிற்று. அப்போது மலைப்பாதையில் மோட்டார் இல்லை; அடிவாரத்திலிருந்து பிள்ளைகளும் பெட்டிகளும் டோலியில் ஏறின. கோடையில் பெற்றோர் மேலே வந்து தங்குவார்கள், பிள்ளைகள் அந்தச் சில வாரம் வீட்டுப் பிள்ளைகள். மழை தொடங்கியதும் பெற்றோர் கீழே, பிள்ளைகள் மறுபடி விடுதியில். ஐந்து மாதக் கடல் ஒரு நாள் மலையேற்றமாகச் சுருங்கியது. மதுரையிலும் ஆற்காட்டிலும் பாடம் நடத்திய குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காரவைக்கும் யோசனை மட்டும் இன்னும் வெகுகாலம் காத்திருந்தது. 1970களில்தான் அது சர்வதேசப் பள்ளியாகி வாசலை அகலத் திறந்தது.

சீனாவிலும் இதே கதைதான். எரிக் லிடல் ஓடுவதைத் திரைப்படத்தில் பார்த்திருப்போம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தங்கம். அவரும் மிஷனரி வீட்டுப் பிள்ளை. சீனாவின் டியன்ட்சினில் பிறந்து, ஆறு வயதளவில் லண்டனில் மிஷனரி மகன்களுக்கான விடுதிப் பள்ளியில் விடப்பட்டவர். தங்கம் வென்ற மறுவருடமே டியன்ட்சினுக்குத் திரும்பிப்போய்ப் பள்ளிக்கூட வாத்தியாரானார். அறிவியலும் விளையாட்டும் அவர் பாடங்கள். 1941இல் போர் நெருங்கியதும் கர்ப்பிணி மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பினார். மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை. ஜப்பானியர் அடைத்துவைத்த வெய்சியன் முகாமில், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டுக் கிடந்த சீஃபூ மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கருவிகளைக் காகிதத்தில் வரைந்து காட்டி வேதியியல் நடத்தினார், உடைந்த ஹாக்கி மட்டைகளைக் கட்டிக்கொடுத்தார். 1945 பிப்ரவரியில் மூளைக் கட்டியால் அங்கேயே இறந்தார்.

விடுதி என்றாலே பாதுகாப்பு என்று நம்பியதற்கு விலை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் மாமூ என்ற ஊரில் நடந்த மிஷனரிப் பிள்ளைகள் பள்ளியில், சிறுவர் சிறுமியர் அடியும் அதைவிட மோசமானதும் அனுபவித்ததைப் பின்னாளில் அமைந்த விசாரணைக் குழு 1998இல் உறுதிப்படுத்தியது. அதற்குள் அந்தப் பிள்ளைகள் நடுவயதை எட்டியிருந்தார்கள். சொன்னால் அப்பா அம்மாவின் ஊழியம் கெட்டுவிடும் என்று அத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்தவர்கள்.

இன்று இந்த வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கென்யாவின் கிஜாபே நல்ல இடம். நைரோபிக்கு வடமேற்கே, பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில், லாங்கனாட் எரிமலையைப் பார்த்தபடி ரிஃப்ட் வேலி அகாடமி நிற்கிறது. 1906இல் தொடங்கிய பள்ளி. 1909இல் வேட்டைக்கு வந்திருந்த தியோடர் ரூஸ்வெல்ட் அதன் முதல் பெரிய கட்டிடத்துக்கு அடிக்கல் வைத்தார். மாவ் மாவ் கிளர்ச்சியின்போது முள்கம்பி வேலிக்குள் வகுப்பு நடந்தது. மூன்று மாதம் படிப்பு, ஒரு மாதம் விடுமுறை. காங்கோவிலும் தான்சானியாவிலும் தெற்கு சூடானிலும் ஊழியம் செய்கிற பெற்றோரிடம் பிள்ளைகள் போய்வர வசதியாக அப்படி ஓர் ஆண்டுக் கணக்கு.

இங்கே பாடம் நடத்துகிற குடும்பத்தின் அன்றாடத்தை வெளியிலிருந்து பார்த்தால் பெரிய சாகசம் ஒன்றும் தெரியாது. பள்ளி வளவிலேயே வீடு. காலையில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேநீர். அப்பா இயற்பியல், அம்மா நூலகம் அல்லது சின்ன வகுப்பு. இடைவேளையில் பால் ஊற்றிக் காய்ச்சிய கென்யத் தேநீர். மத்தியானம் ரக்பி பயிற்சி. இந்தப் பள்ளியின் அணிக்கு அந்த நாட்டில் நல்ல பெயர். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் போனால் குரங்கு உள்ளே வந்துவிடும். சாயங்காலம் மாவு பிசைந்து அவர்களே ரொட்டி சுட்டுக்கொள்வதும், காய்கறி விற்க வருகிற பெண்ணிடம் அரைகுறைச் சுவாஹிலியில் பேரம் பேசுவதும் உண்டு. சில குடும்பங்கள் விடுதிப் பெற்றோராக இருக்கின்றன. ஒரு கட்டிடத்துப் பிள்ளைகள் முழுவதற்கும் காய்ச்சலுக்கு மாத்திரை, தேர்வுக்கு முந்திய இரவு ஆறுதல், பிறந்தநாளுக்குக் கேக் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவர்களுடைய சொந்தப் பிள்ளை அதே கட்டிடத்தின் ஒரு மூலையில் இருக்கிற தன் வீட்டில், அம்மா எப்போது நமக்கு மட்டும் அம்மாவாக இருப்பாள் என்று காத்துக்கொண்டிருக்கும். இந்த ஏக்கம் உடுவில் திண்ணைக்கும் தெரிந்த ஏக்கம்தான். வித்தியாசம், இந்தப் பிள்ளை இரவு தன் வீட்டில் தூங்குகிறது. பதினெட்டு வயதில் பல்கலைக்கழகத்துக்கென்று அமெரிக்கா போகும்போது பிரிவு வரும். அப்போதும் கைபேசித் திரையில் முகம் பார்த்துக்கொள்ளலாம்.

சம்பளம் பள்ளி தருவதில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் ஊர்த் தேவாலயங்களிலும் உறவினரிடமும் மாதாமாதம் இவ்வளவு என்று வாக்கு வாங்கிக்கொண்டு வர வேண்டும். அதற்காக எழுதும் மடல்களில் பள்ளத்தாக்கின் சூரிய அஸ்தமனம் இருக்கும், பிள்ளைகள் நாடகம் போட்ட படம் இருக்கும், ஒரு குரங்குக் கதையும் இருக்கும். சில ஆண்டுகளுக்கொருமுறை ஊர் திரும்பி, தேவாலயம் தேவாலயமாகப் போய் நன்றி சொல்லி, நின்றுபோன காசுக்குப் புதுக் காசு தேட வேண்டும். தொகை சேரும்வரை திரும்ப முடியாது. அதுவரை கிஜாபேயில் இயற்பியல் வகுப்பை வேறு பாட வாத்தியார் யாராவது ஒப்பேற்றிக்கொண்டிருப்பார்.